விதை முளைக்குமா? – காப்பு நகலிலிருந்து கணிப்பொறிகளை மீட்கும் கலை

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகில் உள்ள ஊர் கச்சிராயபாளையம். மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு இவ்வழியாகத்தான் பேருந்துகள் ஏறுகின்றன. மலைக் கிராமம் ஒன்றிலிருந்து பள்ளி மாணவி ஒருத்தி, தன் தந்தையுடன் சாதிச் சான்றிதழுக்காகக் கீழே இறங்கி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இ-சேவை மையத்தில் கிடைக்கும் பதில் என்ன தெரியுமா? "சர்வர் வேலை செய்யலைங்க, நாளைக்கு வாங்க." தந்தைக்கு ஒரு நாள் கூலி போயிற்று, பேருந்துக் கட்டணமும் போயிற்று. விண்ணப்பம் சேர்க்க அன்றுதான் கடைசி நாள் என்றால், மாணவியின் நிலை என்ன?

அந்தச் 'சர்வர்' என்பது எது? அது அழிந்துபோனால் எப்படி மீண்டும் எழுப்புகிறார்கள்? ஒன்றல்ல, நூறு கணிப்பொறிகள் ஒரே நேரத்தில் அழிந்துவிட்டால் என்ன செய்வார்கள்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கணிப்பொறிக்குள் கணிப்பொறி

பிற கணிப்பொறிகள் கேட்கும் தகவலை எடுத்து வழங்கும் கணிப்பொறியே சர்வர். இத்தகைய ஆற்றல்மிக்க கணிப்பொறிகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்ட கட்டடம் தரவு மையம் எனப்படும். அங்குள்ள ஒரு பெரிய கணிப்பொறியை ஒரே வேலைக்கு ஒதுக்கினால், அதன் ஆற்றலில் பெரும்பகுதி வீணாகும். எனவே ஒரு சிறப்பு மென்பொருளின் உதவியால் அதன் கணிக்கும் திறன், நினைவகம், சேமிப்பு வட்டு ஆகியவற்றைப் பல பங்குகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பங்கும் தனியொரு கணிப்பொறியைப் போலவே இயங்கும். இதுவே மெய்நிகர் கணிப்பொறி. இவற்றை இணையத்தின் வழியே வாடகைக்குப் பெற்றுப் பயன்படுத்தும் முறை 'கிளவுட்', அதாவது மேகக் கணிமை எனப்படுகிறது. பெயரில்தான் மேகம், கணிப்பொறிகள் எல்லாம் தரையில்தான் இருக்கின்றன!

இதில் ஒரு வசதி உண்டு. மெய்நிகர் கணிப்பொறியின் வட்டு முழுவதையும் ஒரு பெரிய கோப்பாகவே வைத்துக்கொள்ளலாம். கோப்பு என்றால் அதற்கு நகல் எடுக்கலாம் அல்லவா? அதுவே காப்பு நகல்.

நாள்தோறும் முழு நகல் எடுத்தால் இடமும் நேரமும் மிகுதியாகச் செலவாகும். ஆகவே ஞாயிறன்று ஒரு முழு நகல். பிறகு ஒவ்வொரு நாளும் அன்று மாறிய பகுதிகளுக்கு மட்டும் நகல் என்று எடுப்பது வழக்கம். மீட்கும்போது ஞாயிறு நகலின்மேல் திங்கள், செவ்வாய் என்று வரிசையாக அடுக்க வேண்டும். இது ஒரு சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி பழுதானால், அதற்குப் பின்னுள்ளவை பயன்படா.

மூன்று மணி நேரமா, இரண்டு வாரமா?

2022 நவம்பர் 23 அன்று புது தில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் (எய்ம்ஸ்) கணிப்பொறிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. நோயாளிகளைப் பதிவு செய்யும் மென்பொருள் இருந்த 5 சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு, எவரும் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டது. மருத்துவமனையில் மீண்டும் தாளும் பேனாவும் வந்தன. நல்ல வேளையாக, பாதிக்கப்படாத ஒரு சர்வரில் காப்பு நகல் இருந்தது. அதிலிருந்து தரவை எடுத்துப் புதிய சர்வர்களில் அமைத்தார்கள். பதிவு, சேர்க்கை, விடுவிப்பு முதலிய பெரும்பாலான பணிகள் இரண்டு வாரத்திற்குப் பின் மீண்டன.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1.3 டெராபைட் என்பது 1.3 × 10¹² பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். நொடிக்கு 100 கோடி பிட் செல்லும் இணைப்பில் இதை அனுப்ப 10,400 நொடிகள் ஆகும். அதாவது மூன்று மணி நேரத்திற்கும் குறைவு! அப்படியானால் இரண்டு வாரம் எதற்கு?

இங்குதான் பாடமே இருக்கிறது. நகலைத் திரும்பக் கொண்டுவருவது வேலையில் ஒரு பகுதிதான். தீங்கான மென்பொருள் எங்கே ஒளிந்துள்ளது என்று தேட வேண்டும். மற்றக் கணிப்பொறிகளைத் தூய்மையாக்க வேண்டும். மீட்டவை சரியாக இயங்குகின்றனவா என்று சோதிக்க வேண்டும். எய்ம்ஸில் பாதிக்கப்பட்டவை உண்மையான இயந்திரங்கள். ஆயினும் இப்பாடம் மெய்நிகர் கணிப்பொறிகளுக்கும் அப்படியே பொருந்தும்.

எது முன்னே, எது பின்னே?

சான்றிதழ் வழங்கும் ஓர் அமைப்பில் ஐந்து மெய்நிகர் கணிப்பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவது, மற்றவற்றின் முகவரிகளைச் சொல்லும் முகவரி ஏடு. இரண்டாவது, பயனர் யார் என்று சரிபார்க்கும் காவலாளி. மூன்றாவது, தகவல்கள் அடங்கிய தரவுத்தளம். நான்காவது, சான்றிதழைத் தயாரிக்கும் மென்பொருள். ஐந்தாவது, நாம் திரையில் காணும் இணைய வாயில்.

ஐந்தையும் ஒரே நேரத்தில் எழுப்பினால் என்ன ஆகும்? வாயில் திறந்திருக்கும், மென்பொருள் தரவுத்தளத்தைத் தேடும், தரவுத்தளம் இன்னும் விழித்திராது. எனவே எது எதை நம்பியிருக்கிறது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, அந்த வரிசையில் எழுப்ப வேண்டும். அணை நீர் முதன்மைக் கால்வாயில் வந்த பிறகுதானே கிளை வாய்க்கால் நிறையும்? அதுபோலத்தான். ஒன்றையொன்று நம்பியிராத கணிப்பொறிகளை மட்டும் ஒரே நேரத்தில் மீட்கலாம்.

வரிசை மட்டும் போதாது. காலமும் ஒத்திருக்க வேண்டும். கட்டணம் பெறும் கணிப்பொறியை நண்பகல் 12 மணி நகலிலிருந்தும், விண்ணப்பங்கள் உள்ள கணிப்பொறியைக் காலை 6 மணி நகலிலிருந்தும் மீட்டால் என்ன ஆகும்? பத்து மணிக்குப் பணம் கட்டிய மாணவியின் பணம் கணக்கில் இருக்கும், விண்ணப்பம் இருக்காது! ஆகவே தொடர்புள்ள கணிப்பொறிகள் அனைத்திற்கும் ஒரே கணத்தில் நகல் எடுப்பது சிறந்தது.

மீட்டவற்றை உடனே வெளி உலகுடன் இணைப்பதும் தவறு. முதலில் அவற்றைத் தனித்த ஒரு வலையமைப்பில் இயக்கிப் பார்க்க வேண்டும். பழைய கணிப்பொறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், ஒரே முகவரியில் இருவர் நின்று குழப்பம் விளையும்.

நகல் எங்கே இருக்க வேண்டும்?

தென்கொரியாவின் தேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று மின்கலங்கள் தீப்பற்றின. 600-க்கு மேற்பட்ட அரசு அமைப்புகள் நின்றன. அரசு அலுவலர்கள் தம் ஆவணங்களைச் சேமித்திருந்த 'ஜி-டிரைவ்' என்ற அமைப்பில் 858 டெராபைட் தரவு இருந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியிடத்தில் நகல் வைக்கவில்லை. அத்தனையும் எரிந்துபோயிற்று.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிறுவனத்தில் 6 லட்சத்திற்கு மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர். அதன் கணிப்பொறிகள் கூகுள் கிளவுடில் இருந்தன. அவற்றை முதலில் அமைத்தபோது ஒரு விவரம் நிரப்பப்படாமல் விடுபட்டது. அதனால் ஓராண்டுத் தவணை என்று மென்பொருள் தானே எடுத்துக்கொண்டது. தவணை முடிந்ததும் அப்படி அமைத்த பகுதியை அழித்துவிட்டது. ஆனால் வேறொரு நிறுவனத்தின் சேவையிலும் யூனிசூப்பர் நகல் வைத்திருந்தது. நூற்றுக்கணக்கான மெய்நிகர் கணிப்பொறிகளை மீட்டெடுக்க ஒரு வாரத்திற்கு மேல் ஆயிற்று. எனினும் மீட்க முடிந்தது.

இதற்காகவே வல்லுநர்கள் 3-2-1 என்ற விதியைச் சொல்கிறார்கள். மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்றாவது வெளியூரில்.

முளைப்புச் சோதனை

விதைப்பதற்குமுன் அனுபவமிக்க உழவர் என்ன செய்வார்? சேமித்து வைத்த விதையிலிருந்து நூறு மணிகளை எண்ணி எடுத்து, ஈரத்துணியில் முடிந்து வைப்பார். சில நாள் கழித்துப் பிரித்து, எத்தனை முளைத்தன என்று எண்ணுவார். பானை நிறைய விதை இருக்கிறது என்பது அவருக்குப் போதாது. அது முளைக்குமா என்பதே கேள்வி.

காப்பு நகலும் அப்படித்தான். நகல் எடுக்கப்பட்டதா என்று மட்டும் பார்ப்பவர் பானையை எண்ணுகிறார். அவ்வப்போது அதிலிருந்து கணிப்பொறிகளை எழுப்பி, எத்தனை மணி நேரம் ஆகிறது, எவ்வளவு தரவு விடுபடுகிறது என்று குறித்து வைப்பவர் விதையைச் சோதிக்கிறார். இந்த ஒத்திகையைச் செய்தவர்களுக்குத்தான் நெருக்கடி நாளில் கை நடுங்காது. மலையிலிருந்து இறங்கி வரும் அந்த மாணவி எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுவே.

உங்கள் வீட்டுக் கைப்பேசியிலும் படங்களுக்கு நகல் இருக்கலாம். அதிலிருந்து ஒரு படத்தையாவது திரும்ப எடுத்துப் பார்த்ததுண்டா? இன்றே பாருங்கள்.

விடை காணுங்கள்

1. ஞாயிறன்று முழு நகலும், திங்கள் முதல் வெள்ளி வரை அன்றன்று மாறிய பகுதிகளின் நகலும் எடுக்கப்பட்டன. சனிக்கிழமை காலை கணிப்பொறி அழிந்தது. புதன் நகல் பழுது. எந்த நாளின் நிலைக்குத் திரும்பலாம்?

2. 858 டெராபைட் தரவை நொடிக்கு 1000 கோடி பிட் வேகத்தில் அனுப்ப எத்தனை நாள் ஆகும்?

(விடைகள்: 1. செவ்வாய். 2. 6,86,400 நொடிகள், ஏறத்தாழ 8 நாள்.)