இரண்டாவது கேபிள் செய்த குறும்பு

உங்கள் பள்ளியின் கணிப்பொறி அறையில், சிறுசிறு வாயில்கள் வரிசையாக அமைந்த தட்டையான பெட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயரும் ஸ்விட்ச்தான். ஆனால் விளக்கை ஏற்றும் ஸ்விட்சுக்கும் அதற்கும் உறவில்லை. ஒரு கணிப்பொறி அனுப்பும் செய்தித் துண்டை வாங்கி உரிய இடத்திற்குத் தள்ளிவிடுவதே அதன் வேலை. தபால் பிரிப்பவரைப் போன்றது எனலாம்.

கீழ்த்தளத்தில் ஒரு ஸ்விட்ச், மேல்தளத்தில் ஒரு ஸ்விட்ச், இடையே ஒரு கேபிள். அதை எலி கடித்துவிட்டால்? "இரண்டு கேபிள் போட்டுவிடலாமே!" என்பீர்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை அப்படித்தான் செய்தோம். சில விநாடிகளில் எல்லாக் கணிப்பொறிகளும் ஊமையாகிவிட்டன!

காரணம் இதுதான். சில செய்திகள் 'எல்லோருக்கும்' என்று அனுப்பப்படுபவை. வந்த வாயிலை விட்டுவிட்டு மற்ற எல்லா வாயில்களிலும் ஸ்விட்ச் அவற்றை வெளியே விடும். எனவே கீழ் ஸ்விட்ச் இரு கேபிள்களிலும் ஒவ்வொரு நகலை அனுப்புகிறது. மேல் ஸ்விட்ச் முதலாவதில் வந்ததை இரண்டாவதிலும், இரண்டாவதில் வந்ததை முதலாவதிலும் திருப்பி விடுகிறது. ஈதர்நெட் செய்தித் துண்டில் 'இத்தனை தாண்டலோடு நில்' என்ற குறிப்பு கிடையாது. ஆகவே இந்தச் சுற்றுக்கு முடிவே இல்லை. புதுச் செய்திகளும் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். கேபிள்கள் மூன்றானால் ஒவ்வொரு தாண்டலிலும் நகல்கள் இரட்டிக்கும்: 3, 6, 12... இருபதாவது தாண்டலில் எத்தனை? 15 லட்சத்துக்கும் மேல்! உண்மையில் அதற்கு வெகு முன்பே கேபிள்கள் நிரம்பிவிடும்.

1985-இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் இதற்கு வழி கண்டார். கருவிகள் தமக்குள் சிறு குறிப்புகளைப் பரிமாறி, வளையம் உண்டாக்கும் கேபிளைத் தாமே உறங்க வைக்கும். மற்றது அறுந்தால் உறங்கியது விழித்துக்கொள்ளும். பழைய முறையில் விழிக்க 30 முதல் 50 விநாடி பிடித்தது. எங்கள் மலிவு ஸ்விட்சுகளுக்கு இந்த வித்தையே தெரியாது!

வித்தைக்கும் எல்லை உண்டு. பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில் வலையமைப்பு அந்த எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தது. 2002 நவம்பரில் வளையங்கள் தோன்றி, அது சில நாட்கள் முடங்கியது. மருத்துவர்கள் மருந்துச் சீட்டுகளைக் காகிதத்தில் எழுதினர்.

ஒரு கேபிள் சும்மா உறங்குவது வீண் அல்லவா? இரண்டையும் ஒரே இணைப்பாகக் கட்டி இயக்கும் தரமுறை 2000-இல் வந்தது. ஆனால் இரு கேபிள்களின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரு முனை ஸ்விட்சுகளும் அந்தக் கட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒளியிழையானால் பொருத்தம் இன்னும் கடினம். ஒரு முனையில் 850 நானோமீட்டர் கருவி, மறுமுனையில் 1310 நானோமீட்டர் கருவி என்றால் பேச்சே நடக்காது. 50 மைக்ரோமீட்டர் உள்ளகம் கொண்ட இழையை 9 மைக்ரோமீட்டர் இழையோடு சேர்த்தால், ஒளி நுழையும் பரப்பு எவ்வளவு குறைகிறது என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இன்னொரு கணக்கு. ஒரு கேபிள் பழுதாகும் வாய்ப்பு 100-இல் 1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து பழுதாவது 10,000-இல் 1 என்பீர்கள். அவை ஒன்றையொன்று சாராதிருந்தால் அது சரி. இப்போது எங்கள் ஆய்வுக்கூடத்தில் நல்ல ஸ்விட்சுகள் வந்துவிட்டன; இரண்டு கேபிள்களும் இருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே குழாய் வழியாகத்தான் மாடிக்குப் போகின்றன. எலிக்கு அது தெரியாதவரை சரி!