மருந்தே படுக்கையில் தள்ளும்போது
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர் ஒருவர்)

மின்சார இரயிலில் செல்லும் நாம் தாம்பரம் சானடோரியம் நிலையத்தை நாள்தோறும் கடக்கிறோம். அதற்குப் பெயர் தந்த மருத்துவமனையைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் சிலரே. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளர்களுக்காகத் தொடங்கிய அதனை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. 1993 முதல் எச்.ஐ.வி. தொற்றுடையோரும் அங்குச் சேர்க்கப்பட்டனர். 2004 ஏப்ரல் 1ஆம் நாள் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது, முதன்முதலில் மருந்து வழங்கிய எட்டு அரசு மருத்துவமனைகளுள் இதுவும் ஒன்று.

அம்மருந்துகள் உயிர் காத்தன என்பதில் ஐயமில்லை. எனினும், அவற்றை உண்டவர்களுள் சிலர் மருந்தின் காரணமாகவே மருத்துவமனையில் சேர நேர்ந்தது. ஏன்?

ஜிடோவுடின் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். இது டி.என்.ஏ.வின் உறுப்பாகிய தைமிடினைப் போல வேடமிட்டு வருவது. நச்சுயிரி தன் இழையைக் கட்டும்போது ஏமாந்து இதையும் கோத்துவிடுகிறது. ஆனால் சர்க்கரையின் 3ஆம் கார்பனில் ஹைட்ராக்சிலுக்குப் பதில் அசைடு தொகுதி இருப்பதால் அடுத்த கண்ணியை இணைக்க இயலாது. இழை அங்கேயே நின்றுவிடும். நல்ல சூழ்ச்சிதான்! ஆனால் அம்மருந்து எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. அதனால் வரும் கடும் இரத்தச் சோகைக்குச் சிலருக்கு இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. ஸ்டாவுடின் என்பதோ மைட்டோகாண்ட்ரியாவின் நொதியை ஏமாற்றியது. உயிரணு ஆற்றலுக்குத் தவித்து லாக்டிக் அமிலத்தைக் குவிக்கும். குமட்டல், களைப்பு, மூச்சு வாங்குதல் என்று தொடங்குவதால் எளிதில் வேறு நோயென்று எண்ணத் தோன்றும். கவனியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. 2009இல் உலக சுகாதார நிறுவனம் இம்மருந்தைப் படிப்படியாகக் கைவிடப் பரிந்துரைத்தது.

நெவிராபின் தரும் தொல்லை வேறு வகை. தோலில் தடிப்பு, வாய்ப்புண், சிலருக்குத் தோல் உரிதல், கல்லீரல் அழற்சி; பெரும்பாலும் முதற்சில வாரங்களிலேயே வரும். ஆகவேதான் முதல் 14 நாட்கள் நாளுக்கு ஒரு வேளையும், பின்னர் இரு வேளையும் தருவர். எதிர்ப்பாற்றல் அணுக்கள் மிகுதியாக உள்ள பெண்களுக்கே கல்லீரல் ஆபத்து அதிகம் என்பது வியப்பான உண்மை.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படி ஏறியவன் நான். மாத்திரை அட்டையை என்னிடந்தான் நீட்டுவார்கள். "ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடலாமா?" என்பதே முதற்கேள்வி. இங்கு அப்படித் தாமாக நிறுத்தலாகாது. கூட்டு மருந்தில் மற்றவை விரைவில் வெளியேறும். நெவிராபின் மட்டும் பல நாட்கள் குருதியில் தங்கும். தனித்து நிற்கும் ஒரே மருந்தை நச்சுயிரி எளிதில் வென்று, அதற்கு எதிர்ப்பு பெற்றுவிடும். தடிப்பு கண்டவுடன் மருத்துவரிடம் ஓட வேண்டும். எதை, எந்த வரிசையில் நிறுத்துவது என்பது அவர் கணக்கு.

இப்பொழுது நம் நாட்டில் டெனோபோவிர், லாமிவுடின், டொலூடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை முதல்நிலை மருந்தாக வழங்கப்படுகிறது. டெனோபோவிருக்காகச் சிறுநீரகத்தைச் சோதித்தல் வேண்டும். காசநோயும் உடன் இருந்து ரிபாம்பிசின் உண்பவர்களுக்கு, அம்மருந்து டொலூடெக்ராவிரை விரைவில் சிதைத்துவிடுவதால், 50 மில்லிகிராமை நாளுக்கு இரு வேளை தருகின்றனர்.