முதல் மானியத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

சேலையூர்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய விண்ணப்ப நகலை நிதானமாகப் படித்தேன். மொழி சுத்தம், படங்கள் தெளிவு. முதல் மூன்று பக்கத்தில் உலகப் பருவநிலை மாற்றம் வருகிறது. நாலாம் பக்கத்தில் பெரிய கருவி ஒன்றின் விலை வருகிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலச் சேற்றிலிருந்து நீ என்ன தெரிந்துகொள்ளப் போகிறாய் என்பது மட்டும் எங்கேயும் வரவில்லை. உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிற எனக்கே பிடிபடவில்லை என்றால், கட்டுக்கட்டாக விண்ணப்பம் படிக்கும் மதிப்பீட்டாளர் உனக்காக எவ்வளவு நேரம் யோசிப்பார்?

உன் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆராய்ச்சிக்கு நிதி தந்த பழைய எஸ்.இ.ஆர்.பி. போய், அந்த இடத்தில் 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏ.என்.ஆர்.எஃப். வந்துவிட்டது. அவர்கள் தருகிற பிரதமர் இளம் ஆய்வாளர் மானியம் மூன்றாண்டுக்கு 60 லட்சம் வரை. நிரந்தர வேலையில் சேர்ந்து இரண்டாண்டு தாண்டாதவர்களுக்குத்தான் அது. நீ சேர்ந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. விதிகள் மாறக்கூடியவை, ஆகவே அறிவிப்பு வரும்போது அதை வரிக்கு வரி நீயே படி. சக ஆசிரியர் சொன்னதை நம்பி உட்காராதே. ஆனாலும் நாள் நெருங்குகிறது என்பதற்காகக் கேள்வி இல்லாத விண்ணப்பத்தை அனுப்பிவிடாதே.

கேள்வி என்றால் எப்படி இருக்க வேண்டும்? நம் பல்லாவரத்திலிருந்தே சொல்கிறேன். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் தாமஸ் ஹாலந்து என்று ஓர் இளைஞர் இருந்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் என்ன பாறை என்று பார்த்து 1893இல் ஒரு கட்டுரை எழுதினார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடக்கிற அதே பாறை. சார்னோக்கைட் என்று அவர் வைத்த பெயர் இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 24. அந்தப் பாறைத் தொகுதியைப் பற்றிய பெரிய நூல் 1900இல்தான் வந்தது. ஒரு கல்லைப் பற்றிய சின்னக் கேள்வி முதலில்; பாறைத் தொகுதி முழுவதையும் பற்றிய பேச்சு ஏழு வருடம் கழித்து. நீ இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டாய்.

உன் கையில் அதைவிட நல்ல கேள்வி இருக்கிறது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நீயும் பார்த்தவள்தான். இப்படிப்பட்ட வெள்ளம் இதற்கு முன் எத்தனை முறை வந்திருக்கும்? நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் வந்ததே 1792இல். அதற்கு முந்தைய மழைக்கு அளவுக் கணக்கு கிடையாது. செம்பாக்கம், மாடம்பாக்கம், சேலையூர் ஏரிகள் வழிந்தால் தண்ணீர் போய்ச் சேருகிற இடம் பள்ளிக்கரணை. அங்கே களிமண்ணுக்கு நடுவே வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணல் அடுக்குகள் இருக்கின்றனவா? இருந்தால் அவற்றின் வயது என்ன? இவ்வளவுதான் கேள்வி. இதை முதல் பக்கத்தின் முதல் பத்தியில் போடு. பருவநிலை மாற்றம் கடைசிப் பத்தியில் வந்தால் போதும்.

கூர்மையான மதிப்பீட்டாளர் உடனே மடக்குவார்: அந்த மணல் மேற்கேயிருந்து வெள்ளத்தோடு வந்ததா, கிழக்கே கடலிலிருந்து புயலோடு வந்ததா என்று. அவர் கேட்கும்முன் நீயே கேட்டுக்கொண்டு பதிலும் எழுது. கடல் நுண்ணுயிர் ஓடுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஒரு வழி. பெருங்குடி குப்பைமேட்டுப் பக்கம் மேல்மண் கலைந்துபோயிருக்கும், அங்கே துளையிட மாட்டேன் என்பதையும் சொல். தன் திட்டம் எங்கே இடறும் என்று தெரிந்தவளை நம்பித்தான் பணம் கொடுப்பார்கள்.

இனிப் பணம். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை பெறும் ஆய்வு மாணவர் ஒருவருக்கு முதல் இரண்டாண்டு மாதம் 37,000, மூன்றாம் ஆண்டு 42,000 என்று வைத்தால் வீட்டு வாடகைப்படி சேர்க்காமலே கிட்டத்தட்ட 14 லட்சம் ஆகிறது. அதில் கை வைக்காதே. மானியம் முடிந்த பிறகு கருவி பழுதாகும். பயிற்சி பெற்ற மாணவர் ஊருக்கு மிஞ்சுவார். கருவிக்கு நீ போட்டிருக்கும் தொகையை எடுத்துவிடு. கார்பன் காலக்கணிப்புக்கு டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் இருக்கிறது. மற்ற அளவீடுகளுக்கு ஐஐடி மெட்ராஸின் கருவி மையம் இருக்கிறது. எந்தக் கருவி எந்த ஊரில் பொதுப் பயனுக்குக் கிடைக்கும் என்று ஐ-ஸ்டெம் தளம் காட்டும். மாதிரி அனுப்பும் கட்டணமும் ரயில் கட்டணமும் போட்டால் போதும்.

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் தினமும் பஸ்ஸில் கடக்கிறாயே, அந்த தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்திலேயே தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. இரண்டும் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வருபவை. யாரிடமாவது நேரம் கேட்டு, உன் கேள்வியைப் பத்து நிமிடம் சொல்லிப் பார். அந்த அமைச்சகத்துக்கு 2021–26க்கென 4,797 கோடி ரூபாயில் பிரித்வி என்ற திட்டத்தை 2024 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏற்றது. வெளி ஆய்வாளர்களுக்கு உதவும் ரீச்அவுட் என்ற துணைத்திட்டமும் அதற்குள் அடக்கம். ஒரு வாசல் மூடினால் தட்ட இன்னொன்று இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

பள்ளிக்கரணை 2022இல் முக்கியச் சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 1,248 ஹெக்டேர். காப்புக்காட்டுப் பகுதிக்குள் ஒரு குழாய் இறக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். மானியம் வந்தபின் கேட்கலாம் என்று இருந்தால் முதல் வருடம் கோப்போடு கோப்பாகப் போய்விடும். இப்போதே எழுதிக் கொடு. மழைக்காலத்தில் களப்பணி கிடையாது என்பதையும் கால அட்டவணையில் காட்டு. ஜனவரியிலிருந்து ஜூன் வரைதான் உனக்குச் சதுப்பு.

பணம் வந்தபின் உள்ள வேலையை யாரும் கற்றுத்தருவதில்லை. மார்ச் 31 கணக்கில் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை நிற்கும். மானியத்துக்கு வட்டி வந்தால் அது உன்னுடையதல்ல, அரசுக்குத் திரும்பிப் போக வேண்டும். கொள்முதல் அரசின் ஜெம் தளம் வழியாக என்றால் ஒரு துளைக்குழாய் வாங்கவும் மாதங்கள் பிடிக்கும். உங்கள் கல்லூரிக் கணக்குப் பிரிவில் இருப்பவரோடு இன்றே பழகிக்கொள். மூன்று வருடமும் உன் ஆய்வு நடப்பதும் நிற்பதும் பாதி அவர் கையில்.

கிடைக்காமல் போனால்? போகலாம். நிறைய பேருக்கு முதல் முறை கிடைப்பதில்லை. வந்த குறிப்புகளில் கோபம் வருவதைத் தனியாக எடுத்து வை; பெரும்பாலும் அதில்தான் விஷயம் இருக்கும். அதற்கிடையே தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்டத்துக்கு உன் முதுகலை மாணவர்களை விண்ணப்பிக்க வை. தொகை சிறியது. ஆனால் ஒரே ஒரு துளை இட்டு ஒரு மணல் அடுக்கைக் காட்டிவிட்டால், அடுத்த விண்ணப்பத்தில் நீ ஊகம் எழுத வேண்டியதில்லை, படம் போடலாம். முன்னனுபவம் இல்லாத இளையவரின் விண்ணப்பத்துக்கு அந்த ஒரு படம் தருகிற பலத்தைப் பேராசிரியர்களின் சிபாரிசு தராது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்பு. கேள்வி, அதற்கு வழி, எங்கே இடறும், எவ்வளவு செலவு. அதைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டுவேன். அவள் புவியியல் படித்தவளல்ல. ஆனால் 2015இல் மொட்டைமாடியில் இரண்டு ராத்திரி இருந்தவள். அவளுக்குப் புரிந்தால் மிச்சப் பக்கங்களை எழுதத் தொடங்கு.

அன்புடன்,
பெரியப்பா