வீட்டுச் சேமிப்புக் கணினி: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்?

மாணவர்களே, ரந்தாவ், லாபு, சிலியாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பமா உங்களுடையது? அப்படியானால் வீட்டில் பழைய படங்கள் அடங்கிய பெட்டி ஒன்று இருக்கக்கூடும். பால்மரத்தடியில் பாட்டி, லயத்து வாசலில் திருமணக் கூட்டம், தோட்டக் கோயில் திருவிழா. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல லயங்கள் இன்று இல்லை. படங்கள்தாம் மிச்சம்.

அவற்றை ஸ்கேன் செய்து, வீட்டிலிருந்த பழைய மேசைக் கணினியில் சேமித்து, குடும்பத்தார் எல்லாரும் தத்தம் கைப்பேசியிலேயே பார்க்கும்படி வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். இப்போது அந்தக் கணினியை மேம்படுத்தக் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. எதை வாங்குவீர்கள்?

கடைக்குப் போகுமுன் கணக்குப் போடுங்கள். 4க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2,400 × 3,600 = 86,40,000 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால், சுருக்காத கோப்பு ஏறத்தாழ 26 மெகாபைட். 2,000 படங்களுக்கு 52 கிகாபைட்தான்! இடத்தை விழுங்குவது காணொளியே. அதையும் சேர்த்தாலும் பல குடும்பங்களுக்கு 4 டெராபைட் தாராளம். (கணினி அதை 3.63 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1,024 ஆக எண்ணுகிறது.)

அடுத்து வேகம். விலை உயர்ந்த எஸ்எஸ்டி வாங்கத்தான் ஆசை வரும். ஆனால் சாதாரண வன்தட்டே நொடிக்கு 150 மெகாபைட்டுக்கு மேல் தரக்கூடியது. கிகாபிட் நெட்வொர்க் கம்பியில் நடைமுறையில் கடப்பதோ சுமார் 110. உங்கள் ரவுட்டர் பழைய 100 மெகாபிட் வகை என்றால் வெறும் 12.5. அதாவது 500 கிகாபைட்டை நகலெடுக்க 11 மணி நேரம். கிகாபிட்டில் ஒன்றேகால் மணி நேரம். ஆகவே முதலில் ரவுட்டரையும் கம்பியையும் பாருங்கள். கம்பிக்குள் 8 இழைகள் உண்டு. கிகாபிட்டுக்கு எட்டும் தேவை, 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். ஓர் இழை அறுந்தாலும் கணினி சத்தமில்லாமல் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடலாம். சில வெள்ளிக் கம்பியில் தீரும் கோளாறு அது.

ரேம் 8 கிகாபைட் இருந்தால் போதும், தொடவேண்டாம்.

பணத்தை வன்தட்டில் போடுங்கள், ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். வாங்கும்போது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த வகையா என்று கேளுங்கள். அத்தாப்புக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓர் ஓலையை மாற்ற, அதன்மேல் படிந்தவற்றையும் தூக்கவேண்டும். இவ்வகை வன்தட்டும் அப்படித்தான், ஓரிடத்தில் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் மறுபடி எழுதவேண்டும். பழுதான தட்டுக்குப் பதில் புதியதைப் பொருத்தி எல்லாவற்றையும் நகலெடுக்கும்போது இது பல மடங்கு நேரம் இழுத்தடிக்கலாம். சேமிப்புக் கணினிக்கென்றே விற்கப்பட்ட சில வன்தட்டுகளும் இந்த வகை என்பது 2020இல்தான் வெளியே தெரிந்தது. உறையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

இரண்டு தட்டு இருந்தும் ஆபத்து தீரவில்லை. தம்பி தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அழியும். இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே மின்வழங்கியில் இருப்பதால் மின்னல் தாக்கினால் இரண்டுமே போகலாம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் மாலை இடி எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மின்னழுத்தப் பாய்ச்சல் மின்கம்பி வழியாக மட்டுமல்ல, நெட்வொர்க் கம்பி வழியாகவும் வரும். இடி கேட்டதும் கணினியை முறையாக நிறுத்திவிட்டு, இரண்டையும் கழற்றுங்கள். யுபிஎஸ் இருந்தால், மின்சாரம் போனாலும் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை முடித்து, கணினியை ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடங்கள் கிடைக்கும்.

மிச்சப் பணத்தில் யூஎஸ்பி வன்தட்டு ஒன்று வாங்குங்கள். மூன்றாவது நகல் அதில் இருக்கட்டும், ஆனால் உங்கள் வீட்டில் வேண்டாம். சிரம்பானில் மாமா வீடு இருக்கிறதா? அங்கே கொடுத்து வையுங்கள். தீபாவளிக்கு அவர் வரும்போது கொண்டுவரச் சொல்லி, புதிய படங்களைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். அனுப்புமுன் பழைய படங்களில் நாலைந்தைத் திறந்தும் பாருங்கள்; கோப்பின் பெயர் இருக்கும், படம் திறக்காது. அப்படியும் நடப்பதுண்டு.