மழைக்குக் கணக்கு எழுதும் கல்வி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

மனிதன் நிலவில் கால் வைத்து (1969) அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனால், நேற்றுப் பெய்த மழையில் எவ்வளவு நம் ஏரிக்கு வந்து சேரும் என்று கூறுவது இன்றும் எளிதன்று. இதற்கு விடை தேடும் துறையே நீரியல். இது பொறியியல் படித்தவர்க்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இயற்பியல், கணிதம், நிலவியல், புவியியல் பயில்வோர்க்கும் இதில் இடமுண்டு.

நீர்க் கணக்கு

ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர் நீராகும். 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 50 மி.மீ. பெய்தால் 50 கோடி லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவந்தால் ஏரிக்குக் கிடைப்பது 10 கோடி லிட்டரே. மீதியை மண்ணும் பயிரும் வெயிலும் குடித்துவிடுகின்றன.

அந்த 'ஐந்தில் ஒரு பங்கு' மண்ணுக்கு மண், மழைக்கு மழை மாறும். அம்மாற்றத்தைச் சமன்பாடுகளால் கூறுவதே நீரியல் மாதிரி. ஒரு மழைக்கு ஆறு எவ்வாறு பெருகி வடியும் என்று கணிக்கும் முறையை 1932-இல் அமெரிக்கரான ஷெர்மன் வெளியிட்டார். 1966-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிராஃபோர்டும் லின்ஸ்லியும் மழை முதல் ஆற்றோட்டம் வரை அனைத்தையும் கணிப்பொறியில் கணக்கிடும் மாதிரியை வெளியிட்டனர். இன்று 'ஸ்வாட்' போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

ஆனால், கணிப்பொறி கூறுவதெல்லாம் உண்மையாகிவிடாது. சில ஆண்டுகளின் அளவுகளைக் கொண்டு மாதிரியைச் சரிசெய்வர். வேறு சில ஆண்டுகளின் அளவுகளோடு ஒப்பிட்டுச் சோதிப்பர். ஆகவே, காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்துக் குறித்து வைப்பவரே இந்த ஆராய்ச்சிக்கு அடித்தளம் இடுகிறார்.

படிப்பும் பணியும்

இளம் அறிவியலுக்குப்பின் முதுநிலை, பின்னர் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. அதன்பின் முனைவர் பட்டம். ரூர்க்கியில் 1978-இல் நிறுவப்பட்ட தேசிய நீரியல் நிறுவனம், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நீர்நுட்ப மையம் ஆகியவை இத்துறையில் ஆய்வு செய்கின்றன.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த என் போன்றோரிடம் வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?" அது நியாயமான கேள்வி. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதைப் பெற்றால் ஆராய்ச்சிக் காலத்தில் வீட்டுக்கும் சிறிது பணம் அனுப்பலாம். கடினமானவை அதற்கு முந்தைய முதுநிலை ஈராண்டுகளே. அவற்றைக் கடக்க என்ன வழி என்று மூன்றாம் ஆண்டு முடியும்வரை காத்திராமல், இப்போதே ஆசிரியர்களிடம் கேட்டறிவது நலம். முனைவர் பட்டம் பெற்றவுடன் வேலை காத்திருக்கும் என்றும் கூறுவதற்கில்லை. இதை அறிந்தே இவ்வழியில் இறங்க வேண்டும்.

முடிவுரை

ஏரி நிரம்பாத ஆண்டில் விளைச்சல் என்னவாகும் என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியும். அந்த அறிவோடு சமன்பாடும் சேருமானால் அது நல்ல ஆராய்ச்சியாகும். நண்பர்களே, நேரான பக்கங்கள் கொண்ட ஒரு டப்பாவும் ஓர் அளவுகோலும் போதும். இந்த மழைக்காலத்திலேயே அளக்கத் தொடங்கலாம்.