மாட்டைக் கடிக்கும் ஈ எது? படத்தைப் பார்த்து அறியும் முறை

மழை ஓய்ந்து வெயில் ஏறும் நாட்களில், ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் மேயும் மாடுகள் திடீரென்று வாலை வீசுவதும், காலை உதைப்பதும், மேய்ச்சலை விட்டு ஓடுவதும் உண்டு. ஈ கடித்த இடத்தில் இரத்தம் துளியாக வடியும். மாட்டை மொய்க்கும் ஈக்கள் எல்லாம் ஒரே இனம் அல்ல. ஒவ்வொன்றும் வளரும் இடம் வேறு. எனவே ஒழிக்கும் முறையும் வேறு. ஈயின் இனம் அறியாமல் மருந்து அடித்தால் காசுதான் வீணாகும்.

இப்போது பலரிடமும் கைபேசி இருப்பதால், ஈயைப் படம் எடுத்து அடையாளம் காண்பது எளிது.

படம் எடுக்கும் முறை

மாட்டின் மேல் உட்கார்ந்துள்ள ஈயை நசுக்கிவிடாமல், துணியால் மெதுவாகத் தட்டிப் பிடித்து ஒரு சீசாவில் இட வேண்டும். வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலை வைத்தால் நீளம் தெரியும். நல்ல வெளிச்சத்தில் மேலிருந்து ஒரு படமும், முகத்துக்கு நேரே ஒன்றும், பக்கவாட்டில் ஒன்றும் எடுக்க வேண்டும். ஈ செத்துக் காய்ந்துவிட்டால் கண்ணின் நிறம் மங்கிவிடும். ஆகவே பிடித்த உடனே படம் எடுப்பது அவசியம். மாட்டின் எந்தப் பாகத்தில், எந்த நேரத்தில் கடித்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு வகை

குதிரை ஈ: மாட்டு ஈ என்றும் சொல்வதுண்டு. கனத்த உடல், சாதாரண ஈயைவிடப் பெரியது. பெரும்பாலான வகைகள் 1 முதல் 2.5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தலை முழுவதும் கண்ணே என்று தோன்றும்படி பெரிய கண்கள்; பலவற்றில் பச்சை நிறமும் பட்டைகளும் காணப்படும். உணர்கொம்பு குட்டையாக முன்னோக்கி நிற்கும். உட்காரும்போது சிறகுகள் பின்பக்கம் விரிந்திருக்கும். இரண்டு கண்களுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருந்தால் அது பெண் ஈ. பெண் ஈ மட்டுமே இரத்தம் குடிக்கும். ஆண் ஈ பூந்தேனை உண்டு வாழும்.

இதே குடும்பத்தில் சிறிய வகைகளும் உண்டு. சிறகில் கருப்புப் பட்டை உள்ளது ஒன்று. சாம்பல் புள்ளிச் சிறகைக் கூரைபோல் உடல்மேல் சாய்த்து வைப்பது மற்றொன்று.

தொழுவ ஈ: பார்வைக்கு வீட்டு ஈ போலவே இருக்கும், நீளம் 5 முதல் 8 மில்லிமீட்டர். பக்கவாட்டுப் படத்தில், தலைக்கு முன்னே ஊசிபோல் நீட்டிய வாய் தெரியும். ஆணும் பெண்ணும் கடிக்கும். பெரும்பாலும் கால்களையே நாடும்.

வீட்டு ஈ: இதற்கு நீட்டிய ஊசி வாய் இல்லை. கடிக்காது. கண்ணீரையும் புண்ணையும் நக்கும்.

தட்டை ஈ: தட்டையான உடல், தோல்போன்ற கெட்டித் தன்மை. செம்பழுப்பு நிறத்தில் வெளிறிய புள்ளிகள் இருக்கும். வாலடியிலும் மடியைச் சுற்றியும் கூட்டமாக ஒட்டியிருக்கும். விரட்டினாலும் நண்டுபோல் பக்கவாட்டில் ஓடும்.

தேனீயைக் குதிரை ஈ என்று எண்ணி ஏமாறுவதும் உண்டு. தேனீக்குச் சிறகு நான்கு, ஈக்கு இரண்டே.

சர்ரா நோய் அபாயம்

குதிரை ஈயின் கடி மிகுந்த வலி தரும். மாடு உதறியதும், பாதி வயிற்றோடு பறந்து அடுத்த மாட்டைக் கடிக்கும். அப்போது வாயில் ஒட்டிய இரத்தத்தோடு சர்ரா நோய்க் கிருமியும் போய்ச் சேரும். இக்கிருமியை 1880ஆம் ஆண்டில் அன்றைய பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் கண்டறிந்தார். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரத்தசோகை, மெலிவு, பால் குறைதல், கருச்சிதைவு ஆகியவை இதன் அறிகுறிகள். சில மாடுகள் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு வட்டமாகச் சுற்றும். மாட்டிலும் எருமையிலும் நோய் வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

படம் ஈயின் இனத்தை மட்டுமே காட்டும்; கிருமி உண்டா இல்லையா என்று காட்டாது. காய்ச்சல் இருக்கும் நேரத்தில் இரத்தப் பரிசோதனை செய்வதே வழி. மருந்துக் கடையில் தாமாகவே ஊசி மருந்து வாங்கிப் போடுவது கூடாது. மருத்துவர் மாட்டின் எடைக்கு ஏற்ப அளவு பார்த்தே போடுவார்.

இனத்திற்கு ஏற்ற தடுப்பு

தொழுவ ஈ, சாணமும் மூத்திரமும் கலந்து அழுகும் வைக்கோலில் பெருகும். தொழுவத்தைத் தினமும் கூட்டி, ஈரக் கூளத்தை அகற்றி உலர வைத்தால் குறையும்.

குதிரை ஈக்கு இது மட்டும் போதாது. அது நீரோரச் செடிகளின் இலையில் முட்டையிடும். புழு சேற்றில் வளரும். அதனால் சாணத்தை அள்ளியும் ஈ குறையவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. குதிரை ஈ பகல் வெயிலில்தான் சுறுசுறுப்பாகப் பறக்கும். இருண்ட கொட்டகைக்குள் அதிகம் நுழையாது. ஆகவே காலையிலும் மாலையிலும் மேயவிட்டு, உச்சி வெயிலில் கொட்டகையில் கட்டுவது நல்லது. ஈ மிகுந்த நாட்களில் நீரோர மேய்ச்சலைத் தவிர்க்கலாம். காய்ச்சல் கண்ட மாட்டை மற்ற மாடுகளிடமிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். பாதி குடித்த ஈ பெரும்பாலும் பக்கத்து மாட்டையே நாடும் என்பதால், இடைவெளியே நல்ல காவல்.

தட்டை ஈ மாட்டின் உடலிலேயே தங்குவதால், கையால் பிடித்து அழிக்கலாம். மிகுந்தால் மருத்துவர் சொல்லும் மருந்தைப் பூசலாம். பால் மாட்டுக்கு மருந்து தெளித்தால், எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

ஈயின் படத்தோடு, மாட்டின் காய்ச்சலையும் பால் அளவையும் குறித்துக்கொண்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகினால், மருத்துவருக்கும் வேலை எளிதாகும்; மாடும் பிழைக்கும்.