குணமாக்க முடியாத நோயிலும் செய்வதற்கு நிறைய உண்டு



"இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொல்லும்போது, எல்லாம் முடிந்துவிட்டது என்றே குடும்பத்தார் எண்ணுகிறோம். நோயைக் குணப்படுத்தும் சிகிச்சைதான் அங்கே நிற்கிறது. வலியையும் மூச்சுத்திணறலையும் மனக்கலக்கத்தையும் குறைக்கும் சிகிச்சை தொடர வேண்டும். இதுவே வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை. புற்றுநோய்க்கு மட்டும் உரியது அன்று. சிறுநீரகம், இதயம், நுரையீரல் பழுதடைந்தவர்களுக்கும் பக்கவாதத்தில் படுத்தவர்களுக்கும் உரியது. கடைசி நாள்வரை காத்திராமல், நோய் தெரிந்ததுமே தொடங்கலாம்.

எங்கே கிடைக்கும்?

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு இச்சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே அளிக்க வழி உண்டு. ஜமுனாமரத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது உங்கள் கிராமச் செவிலியரிடம் நோயாளியின் பெயரைப் பதியுங்கள். ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. இரவில் வலி கூடினால் போளூருக்கோ வேலூருக்கோ மலையிறங்குவது நோயாளிக்குப் பெரும் வேதனை. ஆகவே இரவுக்குரிய மருந்து எது, எவ்வளவு என்று பகலிலேயே கேட்டு எழுதி வையுங்கள்.

மார்ஃபின் பற்றிய அச்சம்

கடும் வலிக்கு மருத்துவர் மார்ஃபின் மாத்திரை தரலாம். "போதைக்கு அடிமையாகிவிடுவார்", "உயிரைச் சீக்கிரம் போக்கிவிடும்" என்று பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காகக் கொடுக்கும்போது இவ்விரண்டுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. வலி வந்தபின் கொடுப்பதைவிட, குறித்த நேரம் தவறாமல் கொடுப்பதே பலன் தரும். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். இம்மருந்து எளிதில் கிடைப்பதற்காகவே 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. மார்க்க ரீதியான ஐயம் இருந்தால் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவடையுங்கள். வலியோடு தவிக்க விடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள்.
2. வாயை ஈரத்துணியால் அடிக்கடி துடையுங்கள்.
3. மூச்சு வாங்கினால் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்து, முகத்தில் காற்றுப் படச் செய்யுங்கள்.
4. சாப்பாட்டைத் திணிக்காதீர்கள். கேட்டதைக் கொஞ்சமாகக் கொடுங்கள்.
5. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் காட்டிய வழி. தண்ணீர் ஆகாதென்றால் தயம்மும் உண்டு. இந்தச் சலுகைகளை எடுத்துச் சொல்லி, அவருடைய மனச்சுமையை இறக்குங்கள்.
6. நோயைப் பற்றி அவர் கேட்டால் மழுப்பாதீர்கள். கடன், அமானிதம், வசிய்யத் பற்றிப் பேச அவருக்கும் நேரம் வேண்டும்.

அண்டை அயலாரின் பங்கு

கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்கள் தொடங்கிய பணி, பின்னர் மலப்புரம் போன்ற மாவட்டங்களில் மக்கள் இயக்கமாக வளர்ந்தது. பயிற்சி பெற்ற சாதாரண மக்களே வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, செவிலியருடன் வீடு வீடாகச் சென்றார்கள். 2008-இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. பணக்காரர்களால் நடந்த வேலை அன்று இது. நேரம் கொடுத்தவர்களால் நடந்தது.

நோயாளியை நலம் விசாரிப்பது நம்மீதுள்ள கடமைகளில் ஒன்று. பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து வருவதோடு அது முடிந்துவிட வேண்டுமா? பராமரிக்கும் மனைவியோ மகளோ இரவெல்லாம் விழித்தவர். ஒரு பெண் இரண்டு மணி நேரம் அருகில் இருந்தால் அவர் தூங்கி எழுவார். ஓர் இளைஞர் மருந்து வாங்கி வந்தால், அன்றைய கூலி தப்பும்.

இவ்வாரம் வீட்டில் கலந்து பேசுங்கள்

நம் தெருவில் படுக்கையில் இருப்பவர் யார்? அவரைப் பார்த்துக்கொள்பவர் கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினார்? நாம் எந்த நாளில், எத்தனை மணி நேரம் தர முடியும்?

பதில் கிடைத்ததும் ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் பொறுப்பாளரிடம் பெயர் கொடுங்கள். நோயாளிகளின் ஷிஃபாவுக்கும், அவர்களைப் பராமரிப்போரின் பொறுமைக்கும் துஆச் செய்வோம்.